நித்தியகல்யாணி கேலஸ் வளர்ப்பில் வெப்பநிலையைச் சோதிக்கும் முறை

மருந்துச் செடிகளின் திசு வளர்ப்பில் புதிதாக இறங்குவோர் பெரும்பாலும் இன்குபேட்டரை 25 டிகிரி செல்சியஸில் வைத்துவிட்டு அதை மறந்துவிடுகிறார்கள். செல்கள் பெருகுவதற்கு அது ஏற்ற வெப்பநிலைதான் என்றாலும், மருந்துச் சேர்மமும் அதே வெப்பநிலையில் மிகுதியாக உருவாகும் என்று சொல்ல முடியாது. 1980-இல் வெளியான ஆய்வொன்றில், நித்தியகல்யாணி செல்களை 27 டிகிரிக்குப் பதிலாக 16 டிகிரியில் வளர்த்தபோது ஆல்கலாய்டு எனும் மருந்துச் சேர்மம் ஏறத்தாழ 12 மடங்கு கூடியது. டாக்சஸ் மரச் செல்களோ 24 டிகிரியில் நன்கு பெருகி, 29 டிகிரியில்தான் பாக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தை அதிகம் தந்தன.

படி 1: 3 சதவீத சுக்ரோஸும் 0.8 சதவீத அகாரும் கலந்த எம்எஸ் (முராஷிகே–ஸ்கூக்) ஊட்டக் கலவையில் ஆக்சின், சைட்டோகைனின் என்ற தாவர வளர்ச்சி ஹார்மோன்களைச் சேர்த்து, பிஎச் 5.8-க்குக் கொண்டுவந்து, 121 டிகிரியில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்யுங்கள். கிருமிநீக்கிய இளம் இலைத்துண்டுகளை அதில் வைத்தால் 25 டிகிரியில் மூன்று, நான்கு வாரங்களில் கேலஸ் எனப்படும் உருவமற்ற செல்திரள் உருவாகும்.

படி 2: ஒரே தொகுதிக் கேலஸிலிருந்து ஒவ்வொரு குடுவைக்கும் 1 கிராம் எடுத்து 16, 20, 25, 30 டிகிரிகளில் ஐந்தைந்து குடுவைகளாக வையுங்கள். ஒளியும் ஆல்கலாய்டு அளவை மாற்றக்கூடியது என்பதால் எல்லாவற்றையும் இருளிலேயே வைப்பது நல்லது.

படி 3: பலரும் சறுக்குவது இங்கேதான். இன்குபேட்டரின் திரை காட்டுவது காற்றின் வெப்பநிலையை மட்டுமே. குடுவைக்குள் இருப்பது வேறாக இருக்கலாம். விளக்குத் தட்டுகள் உள்ள அறையில், கீழ்த்தட்டு விளக்கின் சோக் சூடேறினால் மேலுள்ள குடுவையின் அடிப்பாகம் வெதுவெதுப்பாகி, மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் கோத்து நிற்கும். ஆகவே வெறும் அகார் ஊற்றிய ஒரு குடுவையில் வெப்பமானியின் முனையைச் செருகி, கேலஸ் குடுவைகளுக்கு நடுவே வைத்துக் காலையும் மாலையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: நான்கு வாரம் கழித்துக் கேலஸை நிலையான எடை வரும்வரை உலர்த்தி, எடையையும் ஒரு கிராமில் உள்ள ஆல்கலாய்டையும் அளந்து, இரண்டையும் பெருக்குங்கள். கிராமுக்கு 0.2 மில்லிகிராம் வீதம் 10 கிராம் கிடைத்தால் மொத்தம் 2 மில்லிகிராம்; 0.6 வீதம் 3 கிராம் மட்டுமே கிடைத்தால் 1.8 மில்லிகிராம்தான். செறிவு கூடியதை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. இச்செடி தரும் புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினை இதில் தேடவும் வேண்டாம். இலை, வேர் என வேறுபாடடையாத கேலஸில் அது அரிதாகவே உருவாகும், இச்செடியின் இன்னோர் ஆல்கலாய்டான அஜ்மலிசினை அளப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

படி 5: குளிரில் செறிவு கூடி வளர்ச்சி குன்றியிருந்தால், 25 டிகிரியில் மூன்று வாரம் பெருகவிட்டு, பிறகு அந்தக் குளிர்நிலைக்கு மாற்றி, 3, 7, 10-ஆம் நாள்களில் மாதிரி எடுத்துப் பாருங்கள்.