ஹொரேஸ் மானின் கடிதங்களை வரலாற்றுச் சான்றாக வாசிக்கும் முறை

அமெரிக்கப் பொதுப் பள்ளிகளின் வளர்ச்சியை அறிய முற்படுவோர், ஹொரேஸ் மான் 1837 முதல் 1848 வரை மாசசூசெட்ஸ் கல்வி வாரியத்தின் செயலாளராக இருந்து எழுதிய பன்னிரண்டு ஆண்டறிக்கைகளோடு நின்றுவிடுவது வழக்கம். அது போதாது. ஊர்ப் பள்ளிகளுக்கு ஆணையிடும் அதிகாரம் அந்த வாரியத்துக்கு இல்லை. தகவல் திரட்டவும் பரப்பவும் பரிந்துரைக்கவும் மட்டுமே அதற்கு உரிமை இருந்தது. எனவே பேசியும் எழுதியும் மனத்தை மாற்றுவதைத் தவிர மானுக்கு வேறு வழியில்லை. கடிதங்களை அவருடைய பணியின் ஓரத்தில் விழுந்த துணுக்குகளாகக் கருதாமல், அந்தப் பணியாகவே கருதி வாசிக்கத் தொடங்குங்கள்.

முதலில் ஒரு நோட்டில் நாள், பெறுநர், கேட்கப்பட்டது, பின்னர் நடந்தது என நான்கு பத்திகள் வரைந்துகொள்ளுங்கள். நான்காவது பத்திதான் உழைப்பைக் கோரும்; பலரும் அதை வெறுமையாக விட்டுவிடுவதால்தான் கடிதங்கள் வெறும் உணர்ச்சி வெளிப்பாடுகளாகத் தோன்றுகின்றன. 1837 கோடையில், தம் சட்ட நூல்கள் விற்பனைக்கு என்றும் அலுவலகம் வாடகைக்கு என்றும் மான் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்வோம். அவர் அப்போது மாநில மேலவையின் தலைவர் என்பதை அருகில் குறித்தால்தான், அவர் எதைத் துறந்து வந்தார் என்பது விளங்கும்.

அடுத்து, பணத்தைப் பின்தொடருங்கள். ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க எட்மண்ட் டுவைட் என்னும் வணிகர், அரசும் அதே தொகையைத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு, 1838-இல் 10,000 டாலர் தர முன்வந்தார், அரசும் இசைந்தது. 1839 ஜூலை 3 அன்று லெக்சிங்டனில் திறக்கப்பட்ட பயிற்சிப் பள்ளிக்கு அன்று வந்தவர்கள் மூன்றே மாணவியர். மறு ஆண்டே வாரியத்தைக் கலைத்துவிடச் சட்டமன்றத்தில் முயற்சி எழுந்து தோற்றது. இந்த மாதங்களின் கடிதங்களை அதே ஆண்டின் அறிக்கையோடு சேர்த்து, அவசரமின்றி வாசியுங்கள். அறிக்கையில் உறுதியாக ஒலிக்கும் குரலுக்குப் பின்னால் எத்தனை நெருக்கடி இருந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

எதிர்த்தவர்களையும் விட்டுவிடலாகாது. 1843 ஐரோப்பியப் பயணத்துக்குப் பிறகு அன்றைய ஜெர்மானிய அரசுகளுள் ஒன்றான பிரஷ்யாவின் பள்ளிகளைப் புகழ்ந்து மான் எழுதிய ஏழாம் அறிக்கையை பாஸ்டன் ஆசிரியர்கள் முப்பத்தொருவர் மறுத்து எழுதினர். அந்த மறுப்பைப் படிக்காமல் மானின் கோபத்தை மட்டும் படிப்பது நியாயமாகாது.

அச்சில் கிடைக்கும் கடிதங்களில் பல, அவருடைய மனைவி மேரி 1865-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் உள்ளவை. அன்புள்ள ஒருவர் தெரிவு செய்தவை என்பதை மறவாமல், இயன்றால் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தின் கையெழுத்துப் படிகளோடு ஒப்பிடுங்கள்.

1859-இல் மான் இறந்ததோடு நோட்டை மூடிவிடாதீர்கள். 1847-இல் அவரை வந்து சந்தித்த அர்ஜென்டினாவின் சார்மியென்டோவுக்கும் மேரிக்கும் இடையே பிற்காலத்தில் நீண்ட கடிதப் போக்குவரத்து நடந்தது. சார்மியென்டோ 1868-இல் குடியரசுத் தலைவரானபின், அமெரிக்க ஆசிரியைகளைத் தம் நாட்டுக்கு வரவழைக்க மேரி உதவினார். அந்தக் கடிதங்களுக்கெனத் தனிப் பக்கம் ஒதுக்கி, அதே நான்கு பத்திகளை மீண்டும் வரையுங்கள்.