டிராக்டர் இல்லாமல் பிடிஓ இயந்திரத்தை ஓட்ட

டிராக்டரின் பிடிஓ தண்டில் (இன்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொடுக்கும், பின்பக்கத்தில் சுழலும் தண்டு) ஓடும் தூளாக்கி, கதிரடிப்பான் போன்றவற்றுக்குத் தனி இன்ஜின் பொருத்தலாம். பலரும் குதிரைத்திறனை மட்டும் பார்த்துவிட்டு, சுற்று வேகத்தைக் கோட்டை விடுகிறார்கள்.

பெரும்பாலான கருவிகள் நிமிடத்துக்கு 540 சுற்றுக்கானவை, சில 1000. பெயர்ப்பலகையைப் பாருங்கள். சிறிய பெட்ரோல் இன்ஜின் 3600-இல் சுழன்றால் ஏறக்குறைய 6.7 மடங்கு குறைக்கவேண்டும். இன்ஜினில் 4 அங்குலப் புல்லி என்றால் எதிரில் 27 அங்குலம்! நடக்கிற காரியமா? கியர் பெட்டியோ இரண்டு கட்ட பெல்ட்டோ தேவை. 1500 சுற்று டீசல் இன்ஜின் இருந்தால் வேலை சுலபம்: 5 அங்குலத்துக்கு எதிராக 14 அங்குலப் புல்லி போதும்.

அடுத்தது சுழலும் திசை. பின்னால் நின்று பார்த்தால் டிராக்டர் பிடிஓ வலஞ்சுழியாகச் சுற்றும். பெரும்பாலான சிறிய இன்ஜின்களோ, தண்டு முனையைப் பார்த்து நின்றால், இடஞ்சுழி. நேராக இணைத்தால் கருவி தலைகீழாக ஓடும். இன்ஜின் தண்டும் கருவியின் தண்டும் ஒரே பக்கம் நோக்கும்படி அருகருகே வைத்து பெல்ட் போட்டால் திசை தானாகச் சரியாகிவிடும். நடுவில் ஒற்றை ஜோடி கியர் வந்தால் மறுபடி மாறும், கவனம்.

சுமையோடு இன்ஜினை ஸ்டார்ட் செய்யமுடியாது. வேகம் கூடியதும் தானாகப் பிடித்துக்கொள்ளும் சென்ட்ரிஃபியூகல் கிளட்சோ, பெல்ட்டைத் தளர்த்தி இறுக்கும் நெம்புகோலோ வையுங்கள். எனக்கு நெம்புகோல்தான் பிடிக்கும். ஏதாவது சிக்கினால் உடனே விடுவித்துவிடலாம். பெல்ட், புல்லிக்கு இரும்புக் கூண்டு போடாமல் சாவியைத் திருகவே வேண்டாம்.