தேர்வுக்கூடத்துக்கும் முதல் வேலைக்கும் முன்: ஆட்டிசம் உள்ளோர் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகள்

ஆட்டிசம் உள்ள எனக்கு, பாளையங்கோட்டையில் எழுதிய பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பதற்றம் வந்தது விடை தெரியாததால் அல்ல. பறக்கும் படையினர் திடீரென உள்ளே வந்து என் மேசையிலிருந்த அளவுகோலை எடுத்துப் பார்த்ததால். அடுத்த முக்கால் மணி நேரம் பேனா ஓடவில்லை. பாடத்தைப் போலவே தேர்வு நடக்கும் முறையையும் படித்துக்கொண்டு போக வேண்டும் என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

முதலில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேலையைத் தொடங்குங்கள். நாள் பிடிப்பது அதுதான். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோலைக் கொண்டு பார்ப்பார்கள்: 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அறிமுகமில்லாதவர் முன் நம்மில் பலர் பழக்கத்தால் அடக்கமாக உட்கார்ந்துவிடுவோம்; அதனால் வீட்டில் என்ன நடக்கிறது, எந்தச் சத்தம் தாங்க முடியவில்லை, எப்போது பேச்சு நின்றுபோகிறது என்பதையெல்லாம் அம்மாவோ அக்காவோ ஒரு தாளில் எழுதி எடுத்து வருவது நல்லது. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாது என்று சான்றிதழ் கிடைத்தால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி அரசு உயர்கல்வியில் 5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கோரலாம். தேர்வுச் சலுகைகளைத் தலைமையாசிரியர் வழியாக ஆண்டுத் தொடக்கத்திலேயே கேளுங்கள். மத்திய அரசின் வழிகாட்டுதல் கூடுதல் நேரமாக மணிக்கு 20 நிமிடம் தரச் சொல்கிறது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு அது ஒரு மணி நேரமாகிறது.

தேர்வு மையத்துக்கு முந்தைய வாரமே ஒருமுறை போய், வாசல், கழிப்பறை, மின்விசிறியின் சத்தம் ஆகியவற்றைப் பார்த்து வாருங்கள். முதல் 10 நிமிடம் வினாத்தாள் படிக்க, அடுத்த 5 நிமிடம் விவரங்கள் நிரப்ப, இடையில் மணி அடிக்கும், பறக்கும் படை வரலாம் என்று வரிசையாக எழுதி வைத்துக்கொண்டால், வருவது எதுவும் திடுக்கிட வைக்காது.

வேலை இதைவிடக் கடினம், ஏனென்றால் அங்கே மணி அடிப்பதில்லை. எங்கள் ஊர்க் கடைகளிலும் அலுவலகங்களிலும் "பொறவு பாத்துக்கிடலாம்" என்றால், அது அரை மணி நேரமாகவும் இருக்கலாம், அடுத்த வாரமாகவும் இருக்கலாம். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வதை நாம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்: "எத்தன மணிக்கு அண்ணாச்சி?" சிரிப்பார்கள், பரவாயில்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே, வேலைகளை எழுத்தில் தரவும், கதவுக்கும் ஜெனரேட்டருக்கும் தள்ளி இடம் ஒதுக்கவும், மாற்றங்களை முந்தின நாளே சொல்லவும் கேட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். மருத்துவ வரலாற்றை அதில் விளக்க வேண்டாம்; தேவை மட்டும் போதும். அரசு அலுவலகமானால், இத்தகைய நியாயமான வசதிகளைச் செய்துதரும் கடமையை அதே 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதன்மீது வைத்திருக்கிறது.

நாள் முழுதும் இயல்பாகக் காட்டிக்கொண்டதன் களைப்பு வீடு திரும்பிய பிறகுதான் தெரியும். வந்ததும் அரை மணி நேரம் யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று வீட்டில் முன்பே சொல்லிவையுங்கள். நான் விளக்கைப் போடாமல் மாடியில் உட்கார்ந்திருப்பதை அம்மா முதலில் கோபம் என்று நினைத்தார். பிறகு காப்பியைப் படியில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிப்போகத் தொடங்கினார்.