காதல் முறிவுக்கு ஒரு ராக் பாலட்: நான்கே கார்டில் அமைப்பது எப்படி?

ராக் பாலட் போன்ற மெதுவான சோகப் பாட்டுக்கு அழுகை வரிகள் மட்டும் போதாது. டிரம்ஸும் டிஸ்டார்ஷனும் (கிட்டாரின் கரகரப்பான ஒலி) எப்போது உள்ளே வருகின்றன என்பதுதான் பாதி வேலை. புதிய பேண்டுகள் முதல் வரியிலேயே நான்கு பேரும் சேர்ந்து இடித்துவிடுவார்கள். பிறகு பல்லவியில் ஏறுவதற்கு இடமே இருக்காது.

1. வேகம், கார்டு

மெட்ரோனோமை (தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 70 தட்டில் வையுங்கள். ஏ மைனர், எஃப், சி, ஜி என நான்கு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்): ஒவ்வொன்றுக்கும் நான்கு தட்டு கொண்ட ஒரு பார். எஃப் பாரே கார்டு (ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் பிடி) வராவிட்டால் எஃப் மேஜர் 7 பிடியுங்கள்: 4ஆம் கம்பியில் 3ஆம் ஃபிரெட், 3ஆம் கம்பியில் 2, 2ஆம் கம்பியில் 1, முதல் கம்பியைத் திறந்து விடுங்கள். எங்களைக் கேட்டால் இதுதான் இன்னும் பொருத்தம். ஏ மைனரில் ஒலித்த அதே ஈ சுரம் சி வரைக்கும் விடாமல் தொடரும்.

2. விரல் நடை

பாருக்கு எட்டுச் சுரம். கட்டைவிரலால் பேஸ் கம்பி, பிறகு 3-2-3-1-3-2-3 என்ற வரிசையில் கம்பிகள். பேஸ் கம்பி ஏ மைனருக்கும் சிக்கும் 5, எஃப்புக்கு 4, ஜிக்கு 6. இடையில் ஒலி அறுந்தால் விரலைச் சீக்கிரம் எடுக்கிறீர்கள் என்று பொருள். மெட்ரோனோமை 55க்கு இறக்கிப் பழகுங்கள். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் எஃகுக் கம்பி விரைவில் துருப்பிடிக்கும், வாசித்ததும் துடைத்து வையுங்கள். வெளி வெக்கையிலிருந்து ஏர்கான் அறைக்குள் வந்தால் சுருதியும் நகரும். கிட்டாரைக் கொஞ்ச நேரம் அறையில் வைத்துவிட்டுச் சுருதி சேருங்கள்.

3. வரிகள்

தமிழில் பலர் சறுக்கும் இடம் இது. நீளும் சுரத்தில் குறில் விழுந்தால் சொல்லே மாறிவிடும்: "விடு" என்பது "வீடு" ஆகும், "வலி" என்பது "வாலி" ஆகும். நீ, நான், போனாய் போன்ற நெடில் சொற்களை நீளும் இடங்களில் வையுங்கள். நிலா, மழை எல்லாம் பாடித் தீர்ந்தவை. கடைசி எம்ஆர்டி, புளோக்குக் கீழே காலியாகக் கிடக்கும் கல் மேசை என்று எழுதினால் தனிமை தானாகவே தெரியும்.

4. அடுக்கு

நம் பாட்டில் பல்லவி முதலில் வரும். இங்கே சரணம் முந்தும். முன்னிசை, சரணம், பல்லவி, சரணம், பல்லவி, சோலோ, பல்லவி, முடிவு. தலா 8 பார் என்றால் 64 பார், ஏறக்குறைய 3 நிமிடம் 39 வினாடி. முதல் சரணத்தில் கிட்டாரும் குரலும் மட்டும். முதல் பல்லவியில் பேஸ் சேரட்டும், டிரம்மர் கிராஸ் ஸ்டிக்கோடு (குச்சியால் ஸ்னேர் டிரம்மின் விளிம்பில் மெல்லத் தட்டுவது) நிற்கட்டும். முழு டிரம்ஸும் டிஸ்டார்ஷனும் இரண்டாம் பல்லவியில்தான்.

டிஸ்டார்ஷனில் முழு கார்டு அடித்தால் சுரங்கள் உரசிக் கலங்கும். மூலச் சுரமும் அதிலிருந்து ஐந்தாவது சுரமும் போதும். டிலே (எதிரொலி) போடுவதானால் 429 மில்லி வினாடி: 70 வேகத்தில் அரைத் தட்டு.

5. ஒத்திகை

வீவக அடுக்குமாடி வீட்டில் ஹெட்போனோடு பழகுங்கள். டிரம்ஸுக்கு மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாமிங் ஸ்டுடியோ. அங்கே குரல் கேட்காவிட்டால் மைக்கைக் கூட்டாதீர்கள், விசிலடிக்கும். முதலில் கிட்டார் ஆம்பைக் குறையுங்கள்.