லா மதலேனா தீவுகளில் ஒரு நாள் படகுப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலியின் சார்டினியாத் தீவில், வடகிழக்கு மூலையில் பலாவ் என்று ஒரு சின்னத் துறைமுக ஊர் இருக்கிறது. அதற்கு எதிரே, போனிஃபாசியோ நீரிணையின் வாயில் லா மதலேனா தீவுக்கூட்டம். பெரிய தீவுகள் ஏழு: லா மதலேனா, கப்ரேரா, சாந்தோ ஸ்தெஃபானோ, ஸ்பார்ஜி, புடெல்லி, சாந்தா மரியா, ராத்சோலி. குட்டித் திட்டுகளையும் சேர்த்தால் அறுபதுக்கு மேல் வரும். 1994-ல் இந்தப் பகுதியைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட கருங்கல் பாறைகள், நடுவே வெள்ளை மணல், அடி தெரியும் தண்ணீர். காலை 10 மணியை ஒட்டிப் படகேறி, இரண்டு மூன்று இடங்களில் இறங்கிக் குளித்துவிட்டு, மாலை 5 மணி வாக்கில் திரும்புவது இங்கே வழக்கமான பயணம்.

நான் அங்கே இரண்டு முறை போனேன். முதல் முறை படகில் ஏறவே முடியவில்லை. இரண்டாம் முறை என் வாழ்நாளின் மிக நல்ல நாள்களில் ஒன்றாக அமைந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடைசி நாளுக்குத் தள்ளிவைப்பது

செய்யக்கூடிய தவறுகளிலேயே பெரியது இதுதான். அக்கா குடும்பத்தோடு ஐந்து நாள் போயிருந்தோம். "படகுப் பயணம்தான் சிறப்பு, அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்" என்று முடிவு செய்தோம். நான்காம் நாள் மதியம் காற்று கிளம்பியது. ஐந்தாம் நாள் காலை துறைக்குப் போனபோது எந்தப் படகும் புறப்படவில்லை. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை, வெயில் பளிச்சென்று அடித்தது. அக்கா மகனுக்கு ஏன் போகக் கூடாது என்று புரியவே இல்லை. அன்று மாலை எங்களுக்கு விமானம்.

நம் மீனவர்கள் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருப்பதைப் போல, மத்தியதரைக் கடல்காரர்களும் ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வடமேற்கிலிருந்து வருவது மயெஸ்த்ராலே. பிரான்ஸின் ரோன் பள்ளத்தாக்கு வழியாகக் கடலுக்கு இறங்கும் இந்தக் காற்று, கோர்சிகா, சார்டினியா என்ற இரண்டு மலைத்தீவுகளுக்கு நடுவே இருக்கும் குறுகிய இடைவெளியில் புகும்போது இன்னும் வேகம் எடுக்கிறது. நீரிணையின் மிகக் குறுகிய இடத்தில் அகலம் சுமார் 11 கிலோமீட்டர்தான். புனலில் ஊற்றிய தண்ணீர் மாதிரி காற்று அதன் வழியே பாய்கிறது. தொடங்கினால் இரண்டு மூன்று நாள் விடாமல் அடிப்பதும் உண்டு. அதோடு மயெஸ்த்ராலே வானத்தைத் துடைத்துவிடும். அதனால் நீல வானத்தைப் பார்த்து "இன்று நல்ல நாள்" என்று சொன்னால் ஏமாந்துபோவோம்.

ஆகவே தங்கும் நாள்களில் இரண்டாம் நாளையோ மூன்றாம் நாளையோ படகுக்கு ஒதுக்குங்கள். காற்றடித்தால் தள்ளிப்போட நாள் மிச்சம் இருக்கும். முன்பதிவு செய்யும்போது, காற்றால் ரத்தானால் வேறு நாள் தருவார்களா, பணம் திரும்புமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியில் வானிலை பார்க்கும்போது மழைப் படத்தை மட்டும் பார்க்காமல், காற்றின் வேகத்தையும் திசையையும் பாருங்கள். 10 நாட், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டருக்குள் இருந்தால் நிம்மதியான நாள். 20 நாட்டைத் தாண்டினால், படகு புறப்பட்டாலும் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் நான் ஏற மாட்டேன்.

இந்த நீரிணையை மதிக்கத்தான் வேண்டும். கிரிமியப் போருக்குப் படைவீரர்களை ஏற்றிச்சென்ற செமியான்த் என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல், 1855 பிப்ரவரியில் புயலில் சிக்கி, கோர்சிகாப் பக்கமுள்ள லவெத்சி தீவின் பாறைகளில் மோதி உடைந்தது. ஏறக்குறைய 700 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவர்களின் கல்லறைகள் இன்றும் அந்தச் சின்னத் தீவில் இருக்கின்றன.

படகோட்டியோடு வாதிடுவது

துண்டறிக்கையில் போட்ட வரிசைப்படியே எல்லாத் தீவுக்கும் போக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வடமேற்குக் காற்று லேசாக இருந்தாலும், படகோட்டி காற்று மறைவான பக்கத்தைத் தேடிப் போவார். ஸ்பார்ஜியின் தென்பக்கம் இருக்கும் கலா கோர்சாரா கடற்கரை, கப்ரேராவின் கிழக்குப் பக்கக் குடாக்கள் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். தீவைச் சுற்றி அந்தப் பக்கம் போனால் அதே கடல் குளம்போல் இருக்கும். அவர் வழியை மாற்றுவது நம்மை ஏமாற்றுவதற்காக அல்ல. எந்தத் தீவைப் பார்த்தோம் என்பதைவிட, இறங்கிய இடத்தில் நிம்மதியாக நீந்தினோமா என்பதுதான் அந்த நாளின் கணக்கு.

விலையை மட்டும் பார்த்துப் படகைத் தேர்ந்தெடுப்பது

நூறு பேருக்கு மேல் ஏறும் பெரிய படகுகள் உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் போகும் பாய்மரப் படகுகளும் சின்ன விசைப்படகுகளும் உண்டு. பெரியதில் கட்டணம் குறைவு, ஆட்டமும் குறைவு, கழிப்பறை இருக்கும், நிழல் இருக்கும். ஆனால் ஒரே நேரத்தில் அத்தனை பேரும் ஒரு சின்னக் கடற்கரையில் இறங்குவார்கள். சின்னப் படகில் அமைதி கிடைக்கும், யாரும் போகாத குடாவில் நிறுத்துவார்கள். ஆனால் ஏணியில் இறங்கி நேராகத் தண்ணீரில்தான் குதிக்க வேண்டியிருக்கும். நீந்தத் தெரியாத அம்மாவை அதில் கூட்டிப்போனால் அவர் நாள் முழுக்க படகிலேயே உட்கார்ந்திருப்பார். கரையில் பலகை போட்டு இறக்குவார்களா, தண்ணீரில் இறங்க வேண்டுமா என்று முன்பே கேட்பது நல்லது. முட்டி வலி உள்ளவர்களுக்கு இது முக்கியமான கேள்வி.

மூன்றாவது வழி, காற்றடைத்த ரப்பர் படகை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டுவது. கொம்மோனே என்பார்கள். இத்தாலியில் 40 குதிரைத்திறன் வரையுள்ள படகுக்கு உரிமம் வேண்டாம் என்பதால் பலர் ஆசைப்படுகிறார்கள். படகு ஓட்டிப் பழகாதவர்களுக்கு இங்கே இது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே பாறைகள் மறைந்திருக்கின்றன. பூங்கா எல்லைக்குள் போக அனுமதி வேண்டும், நினைத்த இடத்தில் நங்கூரம் போடக் கூடாது. போகும்போது முதுகில் தள்ளிய காற்று, திரும்பும்போது முகத்தில் அடிக்கும். அப்படியும் எடுத்தால், இத்தாலியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1530 என்பதைக் கைப்பேசியில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

"நமக்குத் தெரியாத வெயிலா?"

மே மாதச் சென்னையைத் தாண்டி வந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் இங்கே வெயில் சுடுவதே தெரியாது. வறண்ட காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுகிறது. மேல்தளத்தில் உட்கார்ந்தால் குளுகுளு என்றுகூட இருக்கும். அதற்குள் மேலேயிருந்து ஒரு வெயிலும், தண்ணீரிலும் வெள்ளை மணலிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சேர்ந்து தோலைப் பொசுக்கிவிடும். மாநிறத் தோலும் கருநிறத் தோலும் பொசுங்காது என்பது தவறான நம்பிக்கை. என் அண்ணிக்கு இரண்டு நாள் கழித்துத் தோளில் தோல் உரிந்தது.

முழுக்கைச் சட்டை, தாடைக்குக் கீழ் கட்டும் கயிறுள்ள தொப்பி, தண்ணீரில் கரையாத சன்ஸ்கிரீன் மூன்றும் வேண்டும். ஒவ்வொரு முறை குளித்து வந்ததும் மறுபடி பூச வேண்டும். ஸ்பார்ஜியிலும் புடெல்லியிலும் ராத்சோலியிலும் கடை கிடையாது, குடிநீர்க் குழாய் கிடையாது, மர நிழலும் அரிது. குள்ளப் புதர்கள்தான். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்க் கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பு. இங்கே ஜூன் தொடக்கத்தில் கடல்நீர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆகஸ்டு, செப்டம்பரில் 24, 25 வரை ஏறும். வெயிலில் சூடேறிய உடம்போடு திடீரென்று குதித்தால் மூச்சு ஒரு நிமிடம் அடைக்கும். ஏணியில் மெதுவாக இறங்கி, முகத்திலும் கழுத்திலும் தண்ணீர் விட்டுக்கொண்டு நீந்தத் தொடங்குங்கள். சில நாள்களில் ஊதா நிற ஜெல்லிமீன்கள் மிதந்து வரும். நம் கரையில் சொறி என்போமே, அதன் உறவுதான். பட்டுவிட்டால் கடல்நீராலேயே கழுவுங்கள். நன்னீர் விட்டால் எரிச்சல் கூடும். தேய்க்கவும் கூடாது.

குமட்டல் வந்த பிறகு மாத்திரை போடுவது

அப்போது போட்டுப் பயனில்லை. மருத்துவரிடம் கேட்டு வாங்கிய மாத்திரையைப் படகு புறப்படுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், எண்ணெய்ப் பலகாரத்தோடும் ஏறாதீர்கள். படகின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. தலை சுற்றினால் கைப்பேசியை மூடிவைத்துவிட்டுத் தூரத்துத் தீவையோ தொடுவானத்தையோ பாருங்கள்.

இளஞ்சிவப்புக் கடற்கரையில் இறங்கலாம் என்று நம்புவது

பலர் இந்தப் பயணத்துக்கு வருவதே புடெல்லியின் ஸ்பியாஜா ரோசாவுக்காக. இளஞ்சிவப்பு மணல் கொண்ட கடற்கரை. சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அங்கே இறங்க முடியாது, குளிக்கவும் முடியாது. 1990-களிலிருந்தே தடை. படகு தூரத்தில் நிற்கும், அங்கிருந்து பார்க்கலாம். படங்களில் காட்டும் அளவுக்கு நிறமும் தெரியாது. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

தடைக்கான காரணத்தைத் தெரிந்துகொண்டால் கோபமும் வராது. அந்த நிறம் பாறையிலிருந்து வருவதில்லை. கடலடியில் பொசிடோனியா என்ற கடற்புல் வளர்கிறது. அதன் தண்டடியில் மினியாசினா என்ற மிகச் சிறிய உயிரி ஒட்டி வாழ்கிறது. அது இறந்த பின் அதன் சிவந்த கூடு நொறுங்கி, அலையோடு கரைக்கு வந்து மணலில் கலக்கிறது. மக்கள் பாட்டில் பாட்டிலாக மணலை அள்ளிப்போனார்கள். படகுகளின் நங்கூரம் கடற்புல்லைப் பிடுங்கியது. நிறம் மங்கியது. மவுரோ மொராந்தி என்பவர் 1989 முதல் 2021 வரை அந்தத் தீவில் தனியாக வாழ்ந்து அதைக் காவல் காத்தார்.

இதனால்தான் இரண்டு விஷயங்களில் எனக்குக் கண்டிப்பு அதிகம். சார்டினியாவின் எந்தக் கடற்கரையிலிருந்தும் மணல், கூழாங்கல், சிப்பி எடுக்கக் கூடாது. 2017-ல் வந்த சட்டப்படி 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். விமான நிலையத்தில் பையைச் சோதித்துப் பிடிக்கிறார்கள். குழந்தைகளின் கால்சட்டைப் பையையும் பாருங்கள், ஆசையாக ஒரு கல்லை எடுத்துவைத்திருப்பார்கள். அப்புறம், கரையில் பழுப்பு நிறத்தில் குவிந்து கிடக்கும் காய்ந்த இலைகளைக் குப்பை என்று முகம் சுளிக்காதீர்கள். அது பொசிடோனியாவின் உதிர்ந்த இலை. குளிர்காலப் பேரலைகள் மணலை அரித்துச் செல்லாமல் தடுப்பது அந்தக் குவியல்தான்.

சாப்பாடும் சில சில்லறை விஷயங்களும்

பெரிய படகுகளில் மதிய உணவாகப் பாஸ்தா கொடுப்பது வழக்கம். பெரும்பாலும் சிப்பியோ மீனோ கலந்திருக்கும். சைவம் என்றால் முன்பதிவின்போதே சொல்லுங்கள். படகில் ஏறிய பிறகு சொன்னால் வெறும் ரொட்டிதான் கிடைக்கும். தூவித் தரும் பார்மிஜானோ சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்ந்திருக்கிறது. கண்டிப்பான சைவர்கள் அதையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். நாங்கள் இரண்டாம் முறை எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போனோம்.

கருங்கல் பாறை காலைக் கிழிக்கும், ரப்பர் அடியுள்ள தண்ணீர்க் காலணி வாங்கிக்கொள்ளுங்கள். ஆகஸ்டு 15-ஐ ஒட்டிய வாரங்களில் இத்தாலியே விடுமுறையில் இருக்கும். பலாவில் வண்டி நிறுத்த இடம் தேடியே படகைத் தவறவிடுவார்கள். ஜூன் பின்பாதியும் செப்டம்பரும் நல்ல காலம். லவெத்சிக்கோ கோர்சிகாவின் போனிஃபாசியோ ஊருக்கோ போகும் பயணம் என்றால் அது பிரான்ஸ். கடவுச்சீட்டை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கடைசியாக, ஆளுக்கு ஓர் உலர்ந்த சட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் படகு திரும்பும்போது காற்று கூடும், ஈர உடம்பு நடுங்கும். இரண்டாம் முறை போனபோது, திரும்பி வரும் வழியில் அக்கா மகன் உலர்ந்த சட்டைக்குள் சுருண்டு என் மடியில் தூங்கிப்போனான். பலாவ் துறையில் கயிறு கட்டிய பிறகுதான் எழுப்பினோம்.