அவிழ்த்துவிட்ட நாயைச் சுடலாமா? பூங்காவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாய்களைப் பழக்குவது என் தொழில். பெரும்பாலும் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம். பாளையங்கோட்டைப் பக்கம் புதிதாகக் குட்டி வாங்கியவர்களும் வருகிறார்கள், அந்தக் குட்டிகளுக்குப் பயந்து காலை நடையை விட்டவர்களும் வருகிறார்கள். நாங்களெல்லாம் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளைத்தான் இவர்களும் செய்கிறார்கள். கொஞ்ச நாளாக ஒரு கேள்வியும் சேர்ந்து வருகிறது: “பெல்ட் இல்லாம பாஞ்சு வார நாயச் சுட்டா தப்பா அண்ணாச்சி?”

கல்லெறியாதே, தூங்கும் நாயைச் சீண்டாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

“ஒண்ணும் செய்யாது” என்று தூரத்திலிருந்து சொல்வது

சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கென்றே வளர்ந்து வந்த இனங்கள். கண்ணெதிரே எது ஓடினாலும் துரத்தும். மைதானத்தில் ஓடுவது முயல் அல்ல, யாரோ ஒருவருடைய பிள்ளை. உங்கள் நாய் விளையாடத்தான் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். எதிரே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? அவர் பயப்படுவது அவர் குற்றமில்லை. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வெய்லர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியதை ஊரே பார்த்தது. அதற்குப் பிறகும் “சும்மா வெளாடுது” என்று சொல்ல எப்படி மனசு வருகிறதோ.

வீட்டு முற்றத்தில் கூப்பிட்டால் வருகிற நாய், அணில் ஓடும் மைதானத்தில் வராது. நீளமான கயிற்றில் விட்டு, பல இடங்களில், பல மாதம் கூப்பிட்டுப் பழக்குங்கள். அப்படிப் பழகிய பிறகும், பொது இடத்தில் பெல்ட் கையில்தான் இருக்க வேண்டும்.

பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொள்வது

நாய் திடீரென்று பாய்ந்து இழுத்தால் விரல் போய்விடும்.

நாயைக் கண்டதும் ஓடுவது

நீங்கள் ஜெயிக்க மாட்டீர்கள்.

பாய்ந்து வருகிறது என்று சுடுவது

என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது இது. கேட்ட கேள்விக்கு நேராகவே சொல்கிறேன்: நியாயம் இல்லை. நாயின் பல் ஒருவருடைய சதையில் பதிந்து, விடுவிக்க வேறு வழியே இல்லை என்றால், அந்த நாயைக் கொன்றவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் துப்பாக்கி உதவாது. நாயும் பிள்ளையும் கட்டிப் புரளும்போது எங்கே குறிவைப்பீர்கள்? குறிவைக்கத் தோதாக நாய் தனியே நிற்கிறதென்றால், அது அப்போது யாரையும் கடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

ஒருவர் தன் சிப்பிப்பாறையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னங்கால் நொண்டுகிறது, முள் குத்தியிருக்கும் என்றார். தொடையில் முடியை விலக்கிப் பார்த்தால் மிளகளவு ஓட்டை. ரத்தம்கூட அதிகம் இல்லை, ஓரத்தில் கொஞ்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்ததில், எலும்பில் மோதி நசுங்கிய ஈயக் குண்டு வெள்ளையாகத் தெரிந்தது. ஏர்கன் குண்டு. சுட்டவர் அதே மைதானத்தில் நடக்க வருபவர்தான். “என் மேல பாஞ்சு வந்துச்சு” என்றார். குண்டு நுழைந்ததோ பின்பக்கமாக. பாய்ந்து வந்த நாய்க்கு அங்கே எப்படிப் படும்? அது திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அவிழ்த்துவிட்ட ஆள் மேல் இருந்த கோபத்தை வாயில்லாத ஜீவன் மேல் தீர்த்துக்கொண்டார். அந்த நாய் இன்றும் மூன்று காலில்தான் ஓடுகிறது.

ஏர்கன் குண்டு பட்டதும் நாய் விழுந்துவிடும் என்று நினைப்பதும் தப்பு. வலியில் வெறிகொண்டு பக்கத்தில் நிற்பவரைக் கடிக்கும். குறி தவறினால் குண்டு எதிரே நடந்து வருபவர் கண்ணுக்குப் போகும்.

சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி, வேண்டுமென்றே ஒரு விலங்கைக் கொன்றாலும் ஊனமாக்கினாலும் ஐந்து ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். பெரிய கேடு ஒன்றைத் தடுக்க, குற்ற நோக்கமில்லாமல் நல்லெண்ணத்தோடு செய்ததற்கு 19-ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. திரும்பிப் போகிற நாயைச் சுட்டவர் அந்தப் பிரிவைக் காட்டித் தப்ப முடியாது.

சரி, பாய்ந்து வந்தால் என்னதான் செய்வது? நில்லுங்கள். பக்கவாட்டில் திரும்பி, கண்ணோடு கண் பார்க்காமல், கையில் இருக்கும் பையையோ துண்டையோ குடையையோ உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடியுங்கள். துள்ளித் துள்ளி, உடம்பை நெளித்து வருகிற நாய் பெரும்பாலும் விளையாட வருகிறது. சத்தமே இல்லாமல், தலையைத் தாழ்த்தி, உடம்பு விறைத்து, ஒரே பார்வையாக வருகிற நாயிடம்தான் கவனம் வேண்டும். அது கவ்வ வந்தால் பையைக் கவ்வக் கொடுங்கள். விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, பிடரியைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள்.

கடித்த நாயைக் கொன்றுவிடுவது

கடித்த நாய் 10 நாள் உயிரோடு, நோயில்லாமல் இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் ரேபிஸ் இல்லை என்று மருத்துவர் உறுதியாகச் சொல்ல முடியும். கொன்று புதைத்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். அதற்காகப் பத்து நாள் காத்திருந்து ஊசி போடலாம் என்று நினைக்காதீர்கள். காயத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள் எதுவும் வேண்டாம். நேரே ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு, காயத்தில் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் தேவை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அவிழ்த்துவிட்டவரை அப்படியே விட்டுவிடுவது

நாலு வார்த்தை திட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறோம். மறுநாளும் அதே நாய், அதே ஆள். வளர்ப்பு நாயால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், அதே சட்டத்தின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடம் இருக்கிறது. நாயையும் உடன் வந்தவரையும் செல்போனில் படம் எடுங்கள். நாயின் தடுப்பூசி அட்டையைக் கேட்டு அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடம், தேதி, நேரம் எழுதி, காவல் நிலையத்தில் ஒன்றும் மாநகராட்சியில் ஒன்றுமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அன்று உங்களோடு நடந்துகொண்டிருந்தவர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.