மின்சார கார் ஒர்க்‌ஷாப்பில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க: காத்திருப்பும் மாற்று வண்டியும்

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓடுகிற நிலையில் இருந்தால், மாற்ற வேண்டிய பார்ட் சர்வீஸ் சென்டருக்கு வந்து சேரும் வரை வண்டியை அங்கே விடாதீர்கள். ஒரு நாள் கொண்டுபோய்க் காட்டுங்கள், ஸ்கேன் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பார்ட்டுக்கு ஆர்டர் போடச் சொல்லுங்கள், வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். வாரக்கணக்கில் வண்டி இல்லாமல் அலைகிறவர்களில் நிறையப் பேருடைய வண்டியில் அந்த வாரங்களில் யாரும் கை வைப்பதே இல்லை, அது மூலையில் தூசி படிந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

வழக்கமான சர்வீஸைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை. என்ஜின் ஆயில் கிடையாது. கேபின் ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட், டயர் ரொட்டேஷன், 12 வோல்ட் பேட்டரி செக்கப், ஏதாவது சாஃப்ட்வேர் அப்டேட், இவ்வளவுதான் வேலை. முன்கூட்டியே புக் செய்து காலையில் விட்டால் சாயங்காலம் கைக்கு வந்துவிடும். ரிப்பேர் என்று போகும்போதுதான் சிக்கல்.

ஏன் இவ்வளவு நாள் ஆகிறது என்று தெரிந்துகொண்டால்தான் எங்கே கேள்வி கேட்பது என்பது புரியும். காத்திருப்பு மூன்று இடத்தில் நடக்கிறது. முதலாவது, ஆள். அதிக வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிற கேபிள் போகிற எந்த இடத்திலும் ஹை வோல்டேஜ் பயிற்சி எடுத்த டெக்னீஷியன்தான் கை வைக்க வேண்டும். பெரிய பேட்டரியின் மின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடியும் வரை காத்திருந்து, மீட்டர் வைத்து வோல்டேஜ் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் வேலை தொடங்கும். சின்ன ஊர் டீலரிடம் இப்படிப்பட்ட ஆள் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள், அவர் ஊருக்குப் போயிருந்தால் உங்கள் வண்டி வரிசையில் நிற்கும். இரண்டாவது, அனுமதி. பேட்டரி, மோட்டார், ஆன்போர்டு சார்ஜர் (வண்டிக்குள்ளேயே இருக்கும் சார்ஜர்) மாதிரி விலை கூடிய பாகங்களை வாரண்டியில் மாற்ற டீலர் தானாக முடிவு எடுக்க முடியாது. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான விவரங்களை (லாக்) எடுத்துக் கம்பெனியின் டெக்னிக்கல் டீமுக்கு அனுப்புவார்கள், அவர்கள் இன்னொரு டெஸ்ட் எடுத்து அனுப்பு என்பார்கள், அது போய், திரும்பி வந்து, நாள் ஓடும். மூன்றாவதுதான் பார்ட். பேட்டரி பேக் பல நூறு கிலோ எடை. லித்தியம் அயான் பேட்டரிகள் ஐ.நா. வகைப்பாட்டில் 9ஆம் வகுப்பு ஆபத்தான சரக்கு, அதற்கென்று பேக்கிங், அதற்கென்று பேப்பர் எல்லாம் உண்டு, சாதாரண பார்சல் லாரியில் ஏற்றிவிட முடியாது.

வேலையையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். பேக்கைக் கழற்றுவதென்றால் வண்டியை லிஃப்டில் ஏற்றி, கூலன்டை வடித்து, குழாய்களையும் கேபிள்களையும் பிரித்து, அடியில் தனி மேசை ஒன்றைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்து, சுற்றிலும் உள்ள போல்ட்டுகளைக் கழற்றி, மெதுவாக இறக்க வேண்டும். திரும்ப மூடும்போது சீலைச் சரியாக வைத்து, தண்ணீர் புகாதபடி காற்றழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்க வேண்டும். இதில் அவசரப்படுத்தவே கூடாது. ஆனால் இந்த வேலைக்கு ஆகும் நேரத்தையும், மெயிலுக்குப் பதில் வராமல் போகும் நேரத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் உங்கள் வண்டியைப் பொறுப்பேற்கும் சர்வீஸ் அட்வைசர் "பார்ட் வந்துட்டு இருக்கு சார்" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். எந்தப் பார்ட், பார்ட் நம்பர் என்ன, கம்பெனி அனுமதி கிடைத்துவிட்டதா, ஆர்டர் போட்ட தேதி எது, எந்தக் குடோனிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஆர்டர் போட்ட தேதியைச் சொல்லத் தயங்கினால் பெரும்பாலும் இன்னும் ஆர்டரே போகவில்லை என்று அர்த்தம். இந்தக் கேள்விகளை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ கேட்பது நல்லது, பதிலும் எழுத்தில் வரும்.

பழுது விட்டு விட்டு வருகிற மாதிரி இருந்தால் (சார்ஜ் ஏறும்போது நடுவில் நின்றுபோவது, திடீரென்று பவர் குறைவது) உடனே வீடியோ எடுங்கள். எச்சரிக்கை விளக்கு, ஓடோமீட்டர், பேட்டரி சதவீதம் மூன்றும் ஒரே ஃபிரேமில் தெரிய வேண்டும். எந்த சார்ஜர், வெயிலா மழையா என்பதையும் குறித்து வையுங்கள். இது இல்லாமல் போனால் "நாங்க ஓட்டிப் பார்த்தோம் சார், ஒண்ணும் வரலை" என்று திருப்பி அனுப்புவார்கள், அடுத்த முறை வரிசை முதலிலிருந்து தொடங்கும். ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது வேலையை எழுதித் தரும் படிவம்) உங்கள் புகார் நீங்கள் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள், பின்னால் வாரண்டி விவகாரம் வந்தால் அந்த ஒரு வரிதான் பேசும்.

வண்டி அடியோடு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் 12 வோல்ட் பேட்டரியைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய பேட்டரியில் நிறைய சார்ஜ் இருந்தாலும் இந்தச் சின்ன பேட்டரி படுத்துவிட்டால் வண்டி விழிக்காது. சாலையோர உதவிக்கு வருகிறவரிடமே சோதிக்கச் சொன்னால், பல நேரம் வீட்டு வாசலிலேயே முடிந்துவிடும். அது அடிக்கடி படுத்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம், அதற்கு சார்ஜ் ஏற்றுகிற பாகத்தில் கோளாறு இருக்கலாம். ஹூண்டாய் ஐயோனிக் 5 வண்டிகள் 1,744ஐயும் கியா இவி6 வண்டிகள் 1,138ஐயும் 2024இல் இந்தியாவில் திரும்ப அழைத்தது இந்தக் காரணத்துக்காகத்தான், 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற ஐசிசியு என்கிற பாகம் பழுதானால் 12 வோல்ட் பேட்டரி வடிந்துபோகும். உங்கள் சேசிஸ் நம்பரைச் சொல்லி ரீகால் எதுவும் நிலுவையில் இருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் கேளுங்கள்.

ஓட்டிக்கொண்டே காத்திருக்கலாம் என்று நான் சொன்னதற்கு விலக்கு உண்டு. வண்டியை நிறுத்து என்று சிவப்பு எச்சரிக்கை வந்தால், அடிப்பாகம் கல்லில் பலமாக இடித்தால், வெள்ளத்தில் நின்றால், ஓட்டாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கும் இதேதான் விதி: ஆன் செய்து பார்க்கக்கூடாது, வண்டியை அப்படியே மேலே ஏற்றும் ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். சாதாரணமாகக்கூடக் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள், சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சேர்ந்து சுற்றி மின்சாரம் உண்டாகும்.

சரி, வண்டியை விட்டே ஆக வேண்டும். மாற்று வண்டிக்கு வருவோம்.

நம் நாட்டில் ரிப்பேர் நாட்களுக்கு மாற்று வண்டி கொடுத்தே ஆக வேண்டும் என்று தனிச் சட்டம் எதுவும் கிடையாது. கம்பெனியின் பாலிசி, நீங்கள் வாங்கிய எக்ஸ்டெண்டட் வாரண்டி அல்லது சர்வீஸ் பேக்கேஜின் விதிகள், டீலரின் மனசு, இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் வரும். அதனால் வண்டி வாங்கும்போதே கேட்டு, ஆர்டர் படிவத்திலோ மெயிலிலோ எழுதி வாங்கிவிடுவதுதான் சிறந்த வழி, பணம் கட்டும் முன் உங்கள் பேச்சுக்கு இருக்கும் மதிப்பு பிறகு இருக்காது. அந்த வாய்ப்பு போய்விட்டதென்றால், சாவியைக் கொடுக்கும் முன் கேளுங்கள். அட்வைசரிடம் கேட்டால் "இல்ல சார்" என்பார், அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது, சர்வீஸ் மேனேஜரைப் பாருங்கள். டெமோ வண்டி சும்மா நிற்கிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். முடியாது என்றால் டாக்ஸிச் செலவு, அதுவும் இல்லையென்றால் வாரண்டியை அத்தனை நாள் நீட்டித்துத் தருவது என்று இறங்கி வாருங்கள். வாரண்டி வேலை என்றால் கம்பெனியின் கஸ்டமர் கேரில் புகார் எண் வாங்கிக்கொண்டு பேசினால் பேச்சு வேறு மாதிரி போகும். இப்படி எழுதலாம்:

"என் வண்டி இன்ன தேதியிலிருந்து உங்களிடம் நிற்கிறது, ஜாப் கார்டு எண் இது. தேவைப்படும் பார்ட், அதற்கு ஆர்டர் போட்ட தேதி, வரும் தேதி மூன்றையும் எழுத்தில் தெரிவிக்கவும். வாரண்டியில் உள்ள வண்டி என்பதால், அது திரும்பக் கிடைக்கும் வரை மாற்று வண்டியோ தினசரி டாக்ஸிச் செலவோ தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

கோபம் வேண்டாம், தேதிகள் போதும்.

மாற்று வண்டி கிடைத்தால் சந்தோஷத்தில் அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். நாலு பக்கமும், சக்கர ரிம், கண்ணாடி, சீட் எல்லாம் வீடியோ எடுத்து அங்கேயே அட்வைசருக்கு அனுப்பிவிடுங்கள். ஆர்சி, இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று அரசின் எம்பரிவாகன் செயலியில் பாருங்கள். இடித்தால் யார் செலவு, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், வெளியூர் போகலாமா, இவையெல்லாம் ஒரு தாளில் இருக்க வேண்டும். டோல்கேட்டில் அவர்களுடைய ஃபாஸ்டேகில்தான் பணம் போகும், சிக்னல் தாண்டினால் இ-சலான் அவர்கள் பெயருக்குத்தான் வரும், எடுத்த நேரத்தையும் கொடுத்த நேரத்தையும் எழுதி வைத்தால் பின்னால் வேறு யாருடைய அபராதமும் உங்கள் தலையில் விழாது. கொடுப்பது மின்சார வண்டியாக இருந்தால் வீட்டு பிளக்கில் போடும் சார்ஜர் டிக்கியில் இருக்கிறதா பாருங்கள், இதை மறந்துதான் பலர் ராத்திரியில் தவிக்கிறார்கள். இன்னொன்று, சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியைக் கொடுத்துவிட்டு நாள் வாடகை கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்படி வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லாது, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கை விரிக்கலாம்.

இன்ஷூரன்ஸில் டெய்லி அலவன்ஸ் என்று ஒரு ஆட்-ஆன் உண்டு. விபத்து கிளெய்முக்காக வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களுக்கு ஒரு தொகை தருவார்கள், ஆரம்ப நாட்கள் சிலவற்றைக் கழித்துவிட்டு, ஒரு உச்சவரம்பு வரை. மெக்கானிக்கல் கோளாறுக்கு இது வராது. ஒரே வண்டியை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர்கள் பாலிசி புதுப்பிக்கும்போது இதைச் சேர்ப்பது பற்றி யோசிக்கலாம்.

எழுதியும் பேசியும் நகரவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே பதிவு செய்தால் கம்பெனிக்கு நேராகப் போகும், பல புகார்கள் அந்தக் கட்டத்திலேயே தீர்கின்றன. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், டீலர் இருக்கும் ஊருக்குப் போகத் தேவையில்லை. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டணம் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயம் இல்லை, பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். முதலிலிருந்து சேர்த்து வைத்த ஜாப் கார்டு, மெயில், வீடியோ, டாக்ஸி பில் எல்லாம் இங்கேதான் உதவும்.

வண்டி உள்ளே நிற்கும் காலத்தில் சார்ஜைப் பாதியளவில் வைக்கச் சொல்லுங்கள். முழுசாக ஏற்றியோ, அடிமட்டத்திலோ நாள் கணக்கில் நிற்க விடுவது பேட்டரிக்கு நல்லதல்ல. உங்கள் மொபைல் செயலியில் சதவீதமும் கிலோமீட்டரும் தெரியும், அவ்வப்போது பாருங்கள்.

திரும்ப எடுக்கும்போது கேட் பாஸில் கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம். மாற்றிய பாகம் எது, அதற்குத் தனி வாரண்டி எவ்வளவு, எர்ரர் கோடுகள் அழிந்த பிறகு எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட், மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அட்வைசரை உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். அப்புறம் அங்கேயே ஏசி சார்ஜர், டிசி ஃபாஸ்ட் சார்ஜர் இரண்டிலும் மாட்டிக் கொஞ்ச நேரம் ஏறவிடுங்கள். ஒன்றில் ஏறி இன்னொன்றில் ஏறாமல் போவது நடக்கிற விஷயம், அது திண்டிவனம் தாண்டி ஹைவேயில் தெரிவதைவிட ஒர்க்‌ஷாப் வாசலிலேயே தெரிவது மேல்.